வேகத்தைக் குறைத்தவன் நான்

1991-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை. படப்பையில் எங்கள் சபையில் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கிறேன். ஒருவர் பாக்கியில்லாமல் வந்து கை குலுக்குகிறார்கள். "உங்க பொண்ணு அமெரிக்கா போவுதாமே, ஸ்தோத்திரம்!" என்கிறார்கள். நானும் ஸ்தோத்திரம் சொல்லிச் சிரிக்கிறேன். அவள் போகப்போவதில்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் வழியில் கல்லைப் போட்டது யார் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். நான்தான்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஞானமுத்து. மணிமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். மூன்றாம் வகுப்போடு சரி. பதிமூன்று வயதில் கிண்டியில் ஒரு லேத் பட்டறையில் தரை கூட்டச் சேர்ந்தவன், முப்பத்தெட்டு வயதில் படப்பையில் சொந்தப் பட்டறை போட்டேன். யாரும் கைதூக்கி விடவில்லை. 1991-ல் என்னிடம் நாலு லேத், பதினோரு ஆட்கள். மறைமலை நகர் கம்பெனிகளுக்கு வேண்டிய பின், புஷ் மாதிரி சின்ன இரும்பு உதிரிபாகங்கள் என் பட்டறையிலிருந்துதான் போகும். ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை. மைக்ரோமீட்டர் வைக்கும் முன்பே என் விரல் அளவைச் சொல்லிவிடும். பட்டணத்தில் படித்த சூப்பர்வைசர்கள் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளப்பார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும் கொஞ்சம் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கையைப் பற்றி நீங்கள் முதலில் தெரிந்துகொண்டால்தான் இந்தச் சாட்சி புரியும்.

எனக்கு ஒரே மகள், எஸ்தர். தாம்பரத்துக்கு பஸ்ஸில் போய் வந்து கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. முடித்தாள். அவளுடைய பேராசிரியை எழுதச் சொல்லி எழுதினாள். அமெரிக்காவில் ஒரு யுனிவர்சிட்டியில் மேல்படிப்புக்கு இடம் தருகிறோம், செலவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கடிதம் வந்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு என்று வைக்கிற இங்கிலீஷ் பரீட்சையில் ஐந்நூற்று ஐம்பது வாங்க வேண்டும். டிசம்பருக்குள் அந்த மார்க் அங்கே போய்ச் சேர வேண்டும். அதற்கு அக்டோபரில் நடக்கிற ஒரு பரீட்சைதான் உண்டு. அதை விட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

எழுதுகிற பகுதியும் படிக்கிற பகுதியும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. காதால் கேட்டு விடை போடுகிற பகுதி ஒன்று இருந்தது. அமெரிக்கர்கள் இரண்டு பேர் பேசுவார்கள், ஒரே ஒரு முறைதான். அதைக் கேட்டுவிட்டு ஐம்பது கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர் யார்? இரும்புதான் பேசும். எஸ்தரோடு அதே பரீட்சை எழுதப்போகிற தோழி ஒருத்தி தாம்பரத்தில் இருந்தாள். அவள் பயிற்சிப் பாடங்களைக் கேசட்டில் பதிவு செய்து கொடுத்தாள். புதுக் கேசட் வாங்காமல் எங்கள் வீட்டிலிருந்த இரண்டு ஞானப்பாட்டுக் கேசட்டுகளையும் அழித்துத்தான் அதில் பதிவு செய்தார்கள். என் மனைவி சரோஜாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அப்புறம் எஸ்தரும் எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டருமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் முழுக்க அழுகை. ஐம்பதுக்கு இருபத்திரண்டு, இருபத்துநாலு. அதற்கு மேல் ஏறவில்லை.

"புரியலப்பா. காதுல வுழுது, புடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது" என்பாள்.

என்னால் என்ன செய்ய முடியும்? வாய் திறந்து ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுக்க முடியுமா? பதினோரு பேருக்குச் சோறு போடுகிற நான், சொந்த மகளுக்கு முன்னால் மரம் மாதிரி நின்றேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

லேத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரும்பைச் சீவுகிற டூல் அதிர்ந்து கத்தினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் வேலை பட்டு மாதிரி வரும். என் புத்தி அங்கேதான் போனது. பஸ் ஸ்டாண்டு ரேடியோ கடைக்காரர் ஒருமுறை என் கண் முன்னால் டேப் ரிக்கார்டரைப் பிரித்திருந்தார். மோட்டாரின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதற்குள் ஒரு திருகாணி. அதைத் திருப்பினால் கேசட் ஓடுகிற வேகம் மாறும். செப்டம்பர் மாதம் ஒரு காலையில் எஸ்தர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பின்மூடியைக் கழற்றி அந்தத் திருகாணியை இம்மியளவு திருப்பினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள். இரண்டு நாள் கழித்து இன்னும் இம்மி. அப்புறம் இன்னும் இம்மி. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததால் குரல் மாறினது அவளுக்குத் தெரியவில்லை. சாதாரணமாக எதைத் திருப்பினாலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைப்பது என் வழக்கம். இதில் போடவில்லை. திரும்பி வர வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மார்க் ஏறியது. முப்பது. முப்பத்தாறு. ஒரு நாள் நாற்பத்துநாலு. "அப்பா, காது தெறந்துடுச்சிப்பா!" என்று துள்ளினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டறையில் முனுசாமி என்று ஒருவன், பத்து வருஷமாக என் முதல் லேத்தில் நிற்பவன். அவனிடம் மட்டும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. செய்த சாமர்த்தியத்தை ஒருவராவது பாராட்ட வேண்டாமா? அவன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"மொதலாளி, நம்ம லேத்துல கொறச்சி ஓட்டலாம். பரீட்ச ஹால்ல கீற மெஷினு உங்களுதா?"

"போடா, வேலையப் பாரு. காது பழகிட்டா அப்புறம் எந்த வேகத்துலயும் புடிச்சிக்கும்."

"நீங்க சொன்னா சரி. நான் இன்னா படிச்சவனா?"

"நான் மட்டும் படிச்சவனா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அதோடு விட்டுவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். "ஆண்டவர் என் மகள் காதைத் திறந்துவிட்டார். அவள் ஜெயித்தாகிவிட்டது. ஜனவரியில் அமெரிக்காவில் இருப்பாள்" என்று அறிக்கை செய்தேன். ஸ்தோத்திர காணிக்கையும் போட்டேன். நான் திருகாணி திருப்பினதை ஆண்டவர் பெயரில் எழுதிவிட்டேன். போதகர் மட்டும் மெதுவாகச் சொன்னார், "பிரதர், பரீட்சை முடியட்டுமே." விசுவாசம் குறைந்தவர் என்று அவரைப் பற்றி நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை எஸ்தர் தாம்பரத்துக்குத் தோழி வீட்டுக்குப் போனாள். சேர்ந்து ஒரு முழுப் பரீட்சை எழுதிப் பார்க்க. அந்த வருஷம் மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து பஸ்களில் ஒயரும் பேட்டரியுமாக எதை எடுத்துப் போனாலும் போலீஸ் இறக்கிப் பிரித்துப் பார்த்த காலம். அதனால் டேப் ரிக்கார்டரை வீட்டில் விட்டுவிட்டுக் கேசட்டை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.

மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"இன்னாடி ஆச்சி?" என்றாள் சரோஜா.

"அதே கேசட்டும்மா. நம்ம வூட்டுல நாப்பத்திநாலு வாங்கின கேசட்டு. அவ மெஷின்ல போட்டா ஒண்ணுமே புரியல. இருபத்தி மூணு. அவ பக்கத்துல ஒக்காந்து நாப்பது போடறா. எனக்கு இன்னாமா ஆச்சி? எனக்கு மூளை கொழம்பிடுச்சாம்மா?"

அடுத்த அறையில் நான் நின்றிருந்தேன். அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் தன் மூளையைச் சந்தேகப்பட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு முழு நாள் திறக்கவில்லை. அந்த ஒரு நாளைத்தான் ஆண்டவர் எனக்கு மன்னிக்க வேண்டும் என்று இன்றைக்கும் கேட்கிறேன். மறுநாள்தான் முதலில் சொன்ன அந்த ஞாயிறு, சபை வாசல், கைகுலுக்கல்.

வீட்டுக்கு வந்தோம். சரோஜா சாப்பாடு போட்டாள். தட்டைத் தள்ளி வைத்தேன். "எஸ்தரு, உனக்கு ஒண்ணும் ஆவல. மெஷின நான்தான் கொறச்சி வெச்சேன்" என்றேன்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளக்கினேன். திருகாணி, மோட்டார், லேத்து, எல்லாம். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எத்தன நாளாப்பா?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசம்" என்று திருப்பிச் சொன்னாள். "இன்னும் பதிமூணு நாளுதான்பா கீது."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சரோஜா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

புது டேப் ரிக்கார்டர் வாங்க வழியில்லை. கையில் இருந்த பணமெல்லாம் நாலாவது லேத் வாங்கினதில் முடங்கிக் கிடந்தது. தோழியிடம் கேட்கவும் முடியாது, அவளுக்கும் அதே பரீட்சை. திங்கட்கிழமை காலை மெஷினைத் தூக்கிக்கொண்டு ரேடியோ கடைக்காரரிடம் ஓடினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வேகத்த அளக்கறதுக்குன்னு தனியா ஒரு கேசட்டு வரும் ஞானமுத்து. அது எங்கிட்ட கெடயாது. நான் பண்ணாலும் காதால கேட்டுத்தான் பண்ணணும். உன் காத வுடவா என் காது பெரிசு?"

ஊரில் எல்லோரும் என் கையையும் காதையும் நம்பினார்கள். நான் மட்டும் அன்று நம்பவில்லை.

பட்டறைக்கு வந்தேன். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. நாலு லேத்தும் நின்றது. ஆட்கள் டீ குடிக்க ரோட்டுக்குப் போனார்கள். மெஷினில் பேட்டரியும் இல்லை, கரண்ட் வரும்வரை பொறுக்கவும் மனமில்லை. மெஷினை மேசைமேல் குப்புறப் போட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே அந்தத் திருகாணி. அது எங்கே இருந்தது, நான் எவ்வளவு திருப்பினேன், ஒன்றும் நினைவில்லை. கோடு இல்லை. அடையாளம் இல்லை. ஒரு மயிரிழையில் பத்தில் ஒரு பங்கை விரலால் சொல்கிறவன், ஒரு கடுகளவு திருகாணிக்கு முன்னால் ஒன்றும் தெரியாமல் நின்றேன்.

ஒரு பாட்டுக் கேசட்டை யாரிடமாவது வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கலாம். பழகின பாட்டு என்றால் சரியான வேகம் காதுக்குத் தெரிந்திருக்கும். இதை இன்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அன்று எனக்குத் தோன்றவே இல்லை. எஸ்தருக்கும் தோன்றவில்லை. மூளை அப்படி அடைத்துக் கிடந்தது.

முழங்கால் போட்டேன். தரையெல்லாம் இரும்புச் சீவல். ஒன்று வேட்டியைத் துளைத்து முட்டியில் ஏறியது. நான் எழுந்திருக்கவில்லை. அதுவரைக்கும் நான் ஜெபித்ததெல்லாம் ஆர்டர் கொடுக்கிற மாதிரி இருக்கும். இதைச் செய்யும், இந்தத் தேதிக்குள் செய்யும் என்று. அன்று அப்படிக் கேட்க முடியவில்லை. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, நான் கெடுத்துட்டேன். எனக்குச் சரி பண்ணத் தெரியல. என் பொண்ணுக்காக நீர் இந்தக் கையப் பிடிச்சுக்கும்."

சின்னத் திருப்புளியை எடுத்தேன். கை நடுங்கியது. என் கை நடுங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திருப்பினேன். போதுமா என்று தெரியவில்லை. இன்னும் மெதுவாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மூடியைப் போட்டு முடுக்கினேன். அவ்வளவுதான்.

கரண்ட் வந்ததும் எஸ்தர் கேட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "இதாம்பா. அவ வூட்டுல இப்டித்தான் பறந்துச்சி" என்றாள். சரியான வேகத்துக்கு வந்துவிட்டது என்று இருவரும் நினைத்தோம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. காலையிலிருந்து அந்தக் குரல்கள் மழை மாதிரிக் கொட்டும். நிறுத்துவாள், பின்னால் ஓட்டுவாள், மறுபடி கேட்பாள். இருபது. பத்தொன்பது. இருபத்தொன்று. நான் தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன். என்னால் செய்ய முடிந்த ஒரே உதவி அதுதான். அவள் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் லேத் சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று பட்டறையை மூடப்போனேன். "வேணாம், ஓட்டுங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் கண் கலங்கியது. கடைசி மூன்று நாளில் இருபத்தாறு, இருபத்தெட்டு வந்தது. அதுவும் போதாது.

தினமும் அதே இடத்தில் அதே ஜெபம். வேறு ஜெபம் எனக்குத் தெரியவில்லை. பதில் எதுவும் வரவில்லை.

பரீட்சை சனிக்கிழமை, சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில். கூடப் போனேன். கேட்டில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் காகிதத்தை எல்லோரும் படித்தார்கள். நான் படிக்கிற மாதிரி நின்றேன். உள்ளே போகுமுன் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வூட்டுக்குப் போறதுன்னா போங்கப்பா" என்றாள். நான் போகவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல். டீக்கடைக்காரர் கேட்டார், "பையனா, பொண்ணா?" பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் கேட்பது மாதிரி. "பொண்ணு" என்றேன். "அப்ப பாஸ்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். எஸ்தர் கடைசியாக வந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, அவங்க மெதுவாத்தான் பேசினாங்க."

பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டேன். "மெதுவாவா? இன்னா சொல்ற?"

"நெஜமாப்பா. ஒவ்வொரு வார்த்தையும் நிதானமா, தனித்தனியா. ரெண்டு பேரு எதிர்ல நின்னு பேசற மாதிரி. தாம்பரத்து ஃபிரண்டும் நானும் ஒண்ணாத்தான எழுதினோம், அவ வேகமா இருந்துச்சின்னு சொல்றா. எனக்கு நடுவுல யோசிக்கக்கூட நேரம் கெடைச்சிதுப்பா."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸில் தாம்பரம் வரை யோசித்துக்கொண்டே வந்தோம். ஆனால் அவள் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

திங்கட்கிழமை சாயந்திரம் முனுசாமி வேலை முடித்து எங்கள் வீட்டுப் பக்கம் வந்தான். டேப் ரிக்கார்டர் சும்மா கிடப்பதைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டை எடுத்தான். "மொதலாளி, ஒரே ஒரு பாட்டு, இத்தினி நாளா இங்கிலீசுக்காரன்தான பேசிகினு இருந்தான்" என்று போட்டான். பாட்டு வந்தது. அவன் கண்ணைச் சுருக்கினான்.

"இன்னாது இது? பாட்றவரு பஸ்ஸ வுட்டுட்டு பின்னாடியே ஓடறாரா?"

குரல் கீச்சென்று இருந்தது. தபேலா குதிரை மாதிரி ஓடியது. சரோஜா சிரித்தாள். எஸ்தர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் மெதுவாக எழுந்து வந்து மெஷின்மேல் கை வைத்தாள்.

"அப்பா, நீங்க சரியான எடத்துல நிறுத்தல. தாண்டிப் போயிட்டீங்க."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பரீட்சையில் பேசுவதைவிட வேகமாக அவளுக்கு அவ்வளவு நாளும் கேட்க வைத்திருக்கிறேன். அதனால்தான் அங்கே அவளுக்கு நிதானமாகக் கேட்டிருக்கிறது. பதில் வரவில்லை என்று முட்டியில் ரத்தத்தோடு அழுதேனே, அந்த நாட்களிலெல்லாம் பதில் அந்த மேசைமேல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கேட்டது சரியான வேகம். அவர் கொடுத்தது அவளுக்கு வேண்டிய வேகம்.

நவம்பர் கடைசியில் கவர் வந்தது. எஸ்தர் பிரித்தாள். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, எண் தெரியும். ஐந்நூற்று எண்பத்து மூன்று. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். பரீட்சைக்கு முன் பேசாமல் இருந்ததெல்லாம் சேர்த்துப் பேசினாள்.

கவர் வரும்வரை சபையில் சாட்சி சொல்ல நான் எழுந்திருக்கவே இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு "ஜெபம் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னேன். என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது எனக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்று. கவர் வந்ததற்கு அடுத்த ஞாயிறு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் வேகத்தைக் குறைத்ததையும், குறைத்ததை மறைத்ததையும், மறைத்ததை ஆண்டவர் செய்ததாகச் சாட்சி சொன்னதையும் சொன்னேன். போதகரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உட்காருங்க பிரதர், முட்டி எப்படி இருக்கு?" என்றார். சபையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

ஜனவரியில் எஸ்தர் விமானம் ஏறினாள். இப்போது அவளே அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். என் பட்டறையும் ஆண்டவர் கிருபையால் ஒரகடம் ரோட்டில் பெரிதாகி நிற்கிறது. அதை இன்னொரு நாள் கேட்டால் விடியும்வரை சொல்வேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் மாறிவிட்டது. ஜெபிக்கும்போது தேதி சொல்வதில்லை, அளவு சொல்வதில்லை. என் பிள்ளை விஷயத்தில் அவளைக் கேட்காமல் ஒரு திருகாணியைத் தொடுவதில்லை. அந்த டேப் ரிக்கார்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தத் திருகாணியை நான் திருப்பி வைக்கவில்லை.

எஸ்தரின் மாப்பிள்ளை இன்ஜினியர். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "மாமா, பதட்டத்துல கை கொஞ்சம் அதிகமா திரும்பியிருக்கும். அவ்ளோதான்." இருக்கலாம். அவர் படித்தவர். நான் அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்தக் கை நாற்பது வருஷத்தில் ஆயிரம் ஆயிரம் பீஸ் திருப்பியிருக்கிறது. ஒரு தடவைகூட அளவு தாண்டியதில்லை. மறைமலை நகரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தாண்டியது அந்த ஒரே ஒரு தடவைதான். அப்போது இந்தக் கையைப் பிடிக்கச் சொல்லி நான் ஒருவரிடம் கேட்டிருந்தேன்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் உங்கள் கையாலேயே கெட்டுப்போன ஒன்று இருக்கலாம். எவ்வளவு திருப்பினோம் என்று நினைவில்லாமல் இருக்கலாம். முதலில் போய் வீட்டில் உள்ளவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். அப்புறம் கையை அவரிடம் கொடுங்கள். நடுங்கினால் நடுங்கட்டும்.